மலை ஏறும் கப்பலில் அம்மாவும் நானும்

(திரையில்: இருபுறமும் ஈரமான கான்கிரீட் சுவர். நடுவே ஒரு வெள்ளைக் கப்பல் மெல்ல மேலே எழும்புகிறது.)

கப்பல் மலை ஏறுமா? ஏறும்! கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்துக்கு ஏறும். நம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அதைக் கடற்கரையில் நிறுத்தினால், உச்சிக்கு வெறும் 46 மீட்டர் கீழே, படுக்கையறைகளும் சமையற்கட்டும் சுமந்தபடி ஒரு கப்பல் மிதப்பதாக நினைத்துப் பாருங்கள். அந்தக் கப்பலில் நானும் அம்மாவும் போய் வந்தோம்.

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. இந்த ஊர்க்காரர்களுக்கென்றே அமைந்த பயணம் இது. கால்வாயில் கப்பல் சைக்கிள் வேகத்தில்தான் நகர்கிறது.

ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் ஏறி, ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் இறங்குகிறோம். ரைன் ஆற்றின் தண்ணீர் வடகடலுக்குப் போகிறது, டான்யூப் கருங்கடலுக்குப் போகிறது. இரண்டையும் இணைக்கப் மன்னர் சார்லமேன் 793இல் கால்வாய் வெட்டிப் பார்த்தார். இன்றுள்ள 171 கிலோமீட்டர் கால்வாய் முழுமையடைந்தது 1992இல்தான். வரலாறு இவ்வளவு போதும், கப்பலுக்கு வருவோம்.

(திரையில்: நான் கையால் வரைந்த படம்.)

நடுவில் மேடு இருக்கிறதே, கப்பல் எப்படி ஏறும்? நீர்ப்பூட்டு என்ற பெரிய தொட்டிக்குள் கப்பல் நுழைகிறது. பின்னால் கதவு மூடுகிறது. அடியிலிருந்து தண்ணீர் ஊறி வர, கப்பலும் கூடவே எழுகிறது. இப்படி 16 தொட்டிகள். அவற்றில் மூன்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 மீட்டர் தூக்கிவிடும். எட்டு மாடி! தொட்டியின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் பதினொன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல்தான் இடைவெளி. அம்மா கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். பாசி பிசுபிசுத்தது.

என்னை அசத்தியது அதற்கு அடுத்தது. அந்த மேட்டில் தண்ணீர் தானாகக் கிடைக்காது. டான்யூப் பக்கமிருந்து பம்பு வைத்து மேலே ஏற்ற வேண்டும். அதனால் ஒரு கப்பலை இறக்கும்போது எல்லாத் தண்ணீரையும் கீழே விட்டுவிடுவதில்லை. பக்கத்தில் படிப்படியாக மூன்று குளங்கள். மேல்மட்டத் தண்ணீர் மேல் குளத்துக்கு, அடுத்தது நடுக் குளத்துக்கு, அதற்கடுத்தது கீழ்க் குளத்துக்கு. ஏறத்தாழ 60 சதவிகிதம் தங்கிவிடுகிறது, அடுத்த கப்பலைத் தூக்க அதே தண்ணீர் திரும்பி வருகிறது.

இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடம் பால் வெட்டியவர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் பொதுக் குழாய்தான், தண்ணீர் வரும் நேரத்தில் பீப்பாய் பீப்பாயாகப் பிடித்து வைப்பார்கள். துணி அலசிய தண்ணீர் வாசல் கழுவப் போகும், மிச்சம் வாழைக்குப் போகும். “நம் லயத்தில் நாம் செய்ததுதானே தம்பி இது!” என்றார். பொறியியல் புத்தகம் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஹில்போல்ட்ஸ்டைன் நீர்ப்பூட்டைத் தாண்டினால் உச்சி. கரையில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் விழும் மழை வடகடலுக்கு, அந்தப் பக்கம் விழுவது கருங்கடலுக்கு. எல்லோரும் சாப்பாட்டுக்கு உள்ளே போய்விட்டார்கள், மேல்தளத்தில் நாங்கள் இருவர்தான். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நான் மறுபடியும் போவேன்.

பிறகு நகரங்கள். ரீகன்ஸ்பர்க்கில் 12ஆம் நூற்றாண்டுக் கல்பாலம். பாசாவில் மூன்று ஆறுகள் கூடுகின்றன, நகர மன்றச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் குறித்திருக்கிறார்கள். 2013 ஜூனில் வந்தது 1501க்குப் பிறகு மிகப் பெரிய வெள்ளம். வியன்னா, புடாபெஸ்ட் அழகை மற்றவர்கள் நிறையக் காட்டிவிட்டார்கள். புடாபெஸ்ட்டுக்கு இரவில் போய்ச் சேருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஆற்றில் தண்ணீர் மிகவும் குறைந்தாலும் கூடினாலும் கப்பல் நின்றுவிடும், பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் தோட்டத்தில் தண்ணீரை எப்படிச் சேமித்தார்கள்? கீழே எழுதுங்கள், அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். டிக்கெட் எடுக்கும் முன் முகவரிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: ஹில்போல்ட்ஸ்டைனைக் கப்பல் பகலில் கடக்கிறதா, இரவிலா? இரவு என்றால் வேறு தேதி பாருங்கள்.