தோளில் குண்டு பாய்ந்தால் ஒன்றும் ஆகாதா?

அடுத்த கேள்விக்கு வருவோம். துப்பறியும் கதை எழுதும் ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “என் கதையில் நாயகனுக்குத் தோளில் குண்டு பாய்கிறது. பாய்ந்த வேகத்தில் நாலடி பின்னால் போய் விழுகிறான். பிறகு கத்தியை நெருப்பில் காட்டி, தானே குண்டைத் தோண்டி எடுத்துவிட்டு, மறுநாள் சண்டைக்குப் போகிறான். வில்லனிடம் இருப்பது சைலன்சர் மாட்டிய ரிவால்வர். அதனால் பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கே சத்தம் கேட்கவில்லை. இதெல்லாம் நடக்கக்கூடியதுதானா?”

எழுதி முடிப்பதற்கு முன்பே கேட்டதற்கு அவருக்கு நன்றி. தோள்பட்டையிலிருந்து தொடங்குகிறேன். மற்றதை எல்லாம் தப்பாக நம்பினால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இதை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

தோள் என்றால் வெறும் சதை என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. உண்மையில் காறை எலும்புக்கு அடியில் ஒரு பெரிய இரத்தக்குழாய் போகிறது. கைக்கு வேண்டிய இரத்தம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதை ஒட்டியே, கையை அசைக்கவும் தொடுவதை உணரவும் வைக்கிற நரம்புகள் ஒரு கற்றையாக இறங்குகின்றன. கொஞ்சம் உள்ளே தள்ளினால் நுரையீரலின் உச்சி. அந்த இரத்தக்குழாய் கிழிந்தால், கையில் காயம் பட்டால் கட்டுகிற மாதிரி மேலே ஒரு துணியை இறுக்கிக் கட்டவும் வழியில்லை, ஏனென்றால் கட்டுவதற்கு அங்கே இடமே கிடையாது. நரம்புக் கற்றை அறுந்தால் ஆள் பிழைத்தாலும் கை தொங்கிப்போகும். தொடையும் அப்படித்தான். “காலில்தானே சுட்டேன்” என்று வசனம் பேசுவார்கள். தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவான். சுட்டால் பாதகமில்லை என்று சொல்ல உடம்பில் ஓர் இடமும் இல்லை.

சரி, குண்டை எடுத்துவிட்டால் பிழைத்துவிடுவானா? படத்தில் தட்டில் ‘டங்’ என்று குண்டு விழுந்ததும் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் ஆளைக் கொல்வது உள்ளே கிடக்கிற உலோகம் அல்ல, அது போன வழியில் கிழித்துவிட்டுப் போனதும், கூடவே உள்ளே இழுத்துக்கொண்டு போன துணியும் அழுக்கும்தான். குண்டு சூடாகப் பாய்வதால் கிருமி செத்துவிடும் என்பதும் தப்பு.

இதற்கு வரலாற்றிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். மருத்துவர்கள் கழுவாத விரலாலும் கருவியாலும் குண்டைத் தேடித் துழாவிக்கொண்டே இருந்தார்கள். குண்டு கிடைக்கவில்லை, சீழ்தான் பிடித்தது. 79 நாள் வேதனைப்பட்டுச் செத்தார். 1912இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டை மில்வாக்கி நகரில் மார்பில் சுட்டார்கள். மார்புப் பக்கத்துப் பையில் மடித்து வைத்திருந்த தடிமனான பேச்சுத் தாள்களையும் மூக்குக் கண்ணாடிப் பெட்டியையும் துளைத்துக்கொண்டு போனதில் குண்டின் வேகம் குறைந்துவிட்டது. மருத்துவர்கள் எடுக்காமல் விடுவதே மேல் என்று முடிவு செய்தார்கள். அந்தக் குண்டோடுதான் அவர் சாகும்வரை இருந்தார். இன்றைக்கும் தொந்தரவு தராத இடத்தில் தங்கிவிட்ட குண்டை அப்படியே விட்டுவிடுவது உண்டு. ஆகவே உங்கள் நாயகன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

ரூஸ்வெல்ட் இன்னொன்றுக்கும் சாட்சி. அவர் தூக்கி எறியப்படவில்லை. சுடப்பட்ட பிறகு மேடையேறி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார். பின்னால் பறப்பது ஏன் நடக்காது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். 9 மி.மீ. பிஸ்டல் தோட்டா ஏறக்குறைய 8 கிராம், வேகம் வினாடிக்கு 360 மீட்டர் என்று வையுங்கள். 70 கிலோ மனிதரின் உடம்பில் அது தைத்து நின்றால், அவருக்குக் கிடைக்கிற வேகம் வினாடிக்கு 4 சென்டிமீட்டர். அவ்வளவுதான்! நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, பட்டவன் பறந்தால் சுட்டவனும் பறக்க வேண்டும். நிஜத்தில் குண்டு பட்டவர்கள் நின்ற இடத்தில் சரிகிறார்கள், அல்லது ஓடுகிறார்கள், சில நேரம் பட்டதே தெரியாமல் இருக்கிறார்கள். 1981இல் அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்டபோது, தன்னைக் காருக்குள் தள்ளிய பாதுகாவலரால் விலா எலும்பு உடைந்துவிட்டது என்றே முதலில் நினைத்தார். வாயில் இரத்தம் வந்த பிறகுதான் காரை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள்.

அப்புறம் சைலன்சர். ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுடும்போது குழல் வாயிலிருந்து பீறிடும் வாயுவை உள்ளே அறை அறையாகத் தடுத்து, மெதுவாக வெளியே விடுகிற கருவி இது. சாதாரணமாகத் துப்பாக்கிச் சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும். சைலன்சர் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மிச்சம் இருப்பதே காதை நோகச் செய்யும், பக்கத்து அறைக்கு நன்றாகவே கேட்கும். தோட்டா ஒலியை விட வேகமாகப் போனால், காற்றைக் கிழிக்கிற ‘பட்டார்’ சத்தம் தனி. அது குழலை விட்டு வெளியே போன பிறகு வருவதால் சைலன்சரால் ஒன்றும் செய்ய முடியாது.

ரிவால்வரில் இன்னும் மோசம். தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. வாயு அந்த வழியாகப் பக்கவாட்டில் பீறிடும், முனையில் எதை மாட்டினாலும் பயனில்லை. பெயர் பெற்ற ஒரே விதிவிலக்கு, ரஷ்ய ராணுவம் 1895இல் ஏற்றுக்கொண்ட நாகான் ரிவால்வர். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற சுத்தியைப் பின்னால் இழுக்கும்போது அதன் உருளை முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துவிடும். வில்லனிடம் ரிவால்வர்தான் இருக்க வேண்டும் என்றால் அதைக் கொடுங்கள், இல்லையென்றால் பிஸ்டலுக்கு மாற்றுங்கள். சைலன்சர் இல்லாமல் மூடிய அறைக்குள் சுடுகிறான் என்று எழுதினால், அடுத்த வரியிலேயே இரண்டு பேர் கிசுகிசுப்பாகப் பேசக் கூடாது. காதுக்குள் ‘ஙொய்’ என்ற ஒலி அடங்கவே நேரமாகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், துரத்தல் காட்சி வந்தால் உதவும். பெட்ரோல் டேங்கில் சாதாரணத் தோட்டா பாய்ந்தால் கார் வெடிக்காது, ஓட்டை விழுந்து பெட்ரோல் ஒழுகும். கார்க் கதவு மெல்லிய தகடுதான், பிஸ்டல் தோட்டாவே துளைத்துவிடும். நாயகனை ஒளிய வைக்க வேண்டுமானால் முன்பக்கம், எஞ்சினுக்குப் பின்னால் குனிய வையுங்கள்.