வராந்தாவில் கசியும் ரகசியம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மனநல மருத்துவர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், செவிலியர்கள், சீட்டு எழுதும் பணியாளர்கள், நோயாளிகளை அழைத்து வரும் உறவினர்கள் என்று பலரும் வந்திருக்கிறீர்கள். எல்லோரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்ததற்குக் காரணம் உண்டு. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் பொறுப்பு என்று மற்றவர்கள் நினைத்துவிடுகிறோம். ஆனால் அது மருத்துவரின் அறையைவிட வராந்தாவில்தான் அதிகம் கசிகிறது.

ஓ.பி. நடக்கும் ஒரு காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் சேர்த்து உரக்கக் கூப்பிடுகிறோம். நோயின் பெயர் தெரியும்படி கேஸ் ஷீட்டுகள் மேசையில் அடுக்கியிருக்கின்றன. உள்ளே இருப்பவர் எழுந்திருக்கும் முன்பே அடுத்தவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார். மருந்து தரும் ஜன்னலில், “மாத்திரையை நிறுத்தினா மறுபடியும் குரல் கேட்கும்மா, பாத்துக்கோ” என்று அக்கறையோடுதான் சொல்கிறார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் அந்த அம்மாவின் தெருக்காரர். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதனாலேயே இது தவறென்று யாருக்கும் உறைப்பதில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். டோக்கன் எண்ணை மட்டும் சொல்லி அழையுங்கள். கேஸ் ஷீட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஒருவர் வெளியே வந்து கதவு சாத்திய பிறகு அடுத்தவரை விடுங்கள். மாத்திரை சாப்பிடும் முறையைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். விளக்கிச் சொல்ல வேண்டியதிருந்தால் ஓரமாக அழைத்துச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் இது நல்ல பழக்கம் என்ற அளவில் நிற்கவில்லை, சட்டமாகவே இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நோயாளியின் மனநலம், சிகிச்சை, அதோடு அவருடைய உடல்நலம் பற்றிய தகவல்களையும் ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. 24-ஆம் பிரிவின்படி, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ வேறு தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது. கணினியிலும் இணையத்திலும் சேமித்த தகவலுக்கும் இந்த உரிமை பொருந்தும். சட்டத்தை மீறினால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். இங்கே நோயாளி தனியாக வருவதில்லை. அம்மா, அண்ணன், மாமனார், சில நேரம் பக்கத்து வீட்டுக்காரர்வரை கூடவே வருவார்கள். அது நம் பலம். மருந்து ஒழுங்காகப் போவதும், மறுபடி ஓ.பி.க்கு வருவதும் அவர்களால்தான். ஆனால் கூட வந்தவர் என்பதாலேயே எல்லாவற்றையும் அறியும் உரிமை அவருக்கு வந்துவிடாது.

முதல் நாள் சந்திப்பை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் நோயாளியோடு தனியாகப் பத்து நிமிடமாவது பேசுங்கள். பிறகு உறவினர் சொல்வதைக் கேளுங்கள். கடைசியில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சிகிச்சையை விளக்குங்கள். இந்த வரிசை முக்கியம். உறவினரிடம் முதலில் பேசிவிட்டால், “இவங்க எல்லாரும் ஒரே கட்சி” என்று நோயாளி மனதில் முடிவு செய்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்க வைப்பது கடினம். தனியாகப் பேசும்போது, “உங்கள் வீட்டாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?” என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தேதி போட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் பார்க்கும்போது அந்த ஒரு வரிதான் காவல். உறவினர் சொல்வதைக் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நாம் காக்க வேண்டியது நம் வாயிலிருந்து வெளியே போவதை.

மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய யாரும் தமக்கான நியமனப் பிரதிநிதியை, அதாவது சிகிச்சை விஷயங்களில் தமக்குத் துணை நிற்பவரை, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். யாரையும் நியமிக்காவிட்டால் உறவினருக்கு, அவருக்குப் பின் பராமரிப்பவருக்கு, அந்த இடம் போகும். அப்போதும் அவருடைய கடமைக்கு வேண்டிய தகவல்தான் தரலாம். மருந்து, பக்கவிளைவு, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். சிறு வயதில் நோயாளிக்கு நேர்ந்த கொடுமை அடங்காது.

தொலைபேசியில் வரும் விசாரிப்புகளில் மிக நுட்பமானது திருமண விசாரிப்பு. “எங்க பையனுக்கு அந்தப் பொண்ணைப் பேசியிருக்கோம், உங்ககிட்ட வந்து போறதா கேள்விப்பட்டோம்” என்பார்கள். “அதைச் சொல்ல முடியாது” என்று நீங்கள் பதில் சொன்னால், ‘ஆமாம்’ என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். நம்மிடம் வராதவரைப் பற்றிக் கேட்டால் “அப்படி யாரும் இல்லை” என்று சொல்லியிருப்போமே! எனவே யார் எவரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில் வேண்டும்: “இங்கே யார் வருகிறார்கள், வருவதில்லை என்று எவரைப் பற்றியும் நாங்கள் சொல்வதில்லை.” தொலைபேசி எடுக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த வாசகம் மனப்பாடமாக இருக்கட்டும்.

அதற்காக அந்தப் பெண்ணிடம் திருமணத்தைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடலாமா? கூடாது. முக்கியமான உண்மையை மறைத்து வாங்கிய சம்மதம் இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்பதற்குக் காரணமாகலாம். அதைவிட, மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டு, ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, நோய் திரும்பி வருவதுதான் நாம் அஞ்ச வேண்டியது. எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்று அவரோடு சேர்ந்து திட்டமிடுங்கள். சொல்லப்போவது அவர். நாம் துணை.

விதிவிலக்குகள் உண்டு. 1969-இல் கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தம் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் மாணவரைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு எவரும் சொல்லவில்லை, அவர் கொல்லப்பட்டார். டராசாஃப் வழக்கு என்று அறியப்படும் அதில், ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் சட்டமும் பிறருக்கு வரும் ஆபத்தையோ உயிருக்கு வரும் ஆபத்தையோ தடுக்கத் தகவலை வெளியிட இடம் தருகிறது. ஆனால் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் என்று வரம்பும் கட்டுகிறது. தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவரின் மனைவியிடம், “இன்று இரவு தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அகற்றிவிடுங்கள்” என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். அந்த எண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் கடனையும் உறவையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்மீது நடந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது இரண்டாவது காயம். ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே, எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து, விடுப்புச் சான்றிதழ். அலுவலகத்துக்கு வேண்டியது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வு, எப்போது பணிக்குத் திரும்பலாம் என்ற இரண்டும்தான். பழக்கத்தில் நோயின் பெயரையும் எழுதிவிடுகிறோம். அந்தத் தாள் பணிக்கோப்பில் ஓய்வு பெறும் நாள்வரை கிடக்கும். கேட்டாலொழிய, நோயாளி சம்மதித்தாலொழிய, எழுதாதீர்கள்.

கைபேசியைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசலாம். மருந்துச்சீட்டைப் படமெடுத்துப் பணியாளர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் படம் எத்தனை கைபேசிகளில் தானாகச் சேமிக்கப்படுகிறது என்று உங்களால் எண்ண முடியாது. எண் வாங்கும்போது, “இதை யார் எடுப்பார்கள்? எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லலாமா?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கைபேசியை வீடே பயன்படுத்தும் குடும்பங்கள் நிறைய. பின்லாந்தில் வாஸ்டாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடுபோய், 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேரடியாக மிரட்டல் வந்தது. 200 யூரோ தராவிட்டால் அவர்கள் சிகிச்சையில் பேசியதை வெளியிடுவதாக மிரட்டினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 33,000 பேர். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், மனம்விட்டுப் பேசியதை மாற்ற முடியுமா? நம் மருத்துவமனைகளில் ஒரே கடவுச்சொல்லை வார்டு முழுதும் பயன்படுத்துவது இன்னும் வழக்கமாக இருக்கிறது. ஆளுக்கொன்றாகக் கொடுத்தால்தான் யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்பதாவது தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் தகவல் கசிந்துவிட்டால், அதை நோயாளி ஊரார் வாயால் கேட்கும்படி விடாதீர்கள். அன்றைக்கே அவரை அழைத்து, எது வெளியே போனது, யார் பார்த்தார்கள், என்ன செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் நீங்களே சொல்லி, விண்ணப்பம் எழுத உதவி கேட்டால் ஒருவரை உட்கார வைத்து எழுதிக் கொடுங்கள்.