ரோயிங் டீமில் மகள்: ஏற்காட்டிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. ஏற்காட்டில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"அக்கா, என் வீட்டுக்காரர் வேலைக்காக அமெரிக்காவில் இருக்கிறார். மகளும் அவரோடு இருந்து ஒன்பதாவது படிக்கிறாள். மாமியாருக்கு முடியாததால் நான் மட்டும் இங்கே. மகள் பள்ளி ரோயிங் டீமில், அதாவது துடுப்புப் படகுப் போட்டி டீமில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. நேற்று வாட்ஸ்அப்பில் கையை போட்டோ எடுத்து அனுப்பினாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். நம் ஏரியில் படகு விடுகிறார்களே, அது மாதிரிதானே? அதற்கு எதற்கு விடியற்காலை எழுந்து ஓட வேண்டும்? படிப்பு கெடாதா? தண்ணீரை நினைத்தால் எனக்குத் தூக்கமே வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?"

என் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்குத் தெரியும், நாங்கள் நான்கு வருடம் பிலடெல்பியாவில் இருந்துவிட்டு சேலம் அஸ்தம்பட்டிக்குத் திரும்பியவர்கள். என் மகளும் அங்கே ஒன்பதாவதில்தான் இந்த டீமில் சேர்ந்தாள். நீங்கள் கேட்ட அத்தனையும் நான் என் வீட்டுக்காரரிடம் ராத்திரி ராத்திரி கேட்டவைதான்.

முதலில் தண்ணீர். இந்தப் பயம் நியாயமானது. கோடை வந்தால் கிணற்றிலும் மேட்டூர்ப் பக்கம் காவிரியிலும் பிள்ளைகள் போன செய்தியைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் மகளுக்கு நீச்சல் தெரியுமா, டீமில் நீச்சல் சோதனை வைத்தார்களா என்று அப்பாவை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். கோச் மோட்டார் படகில் பக்கத்திலேயே வருகிறாரா என்றும் கேட்கட்டும். படகுக்குள் காலை ஷூவில் மாட்டி உட்காருவார்கள். அந்த ஷூவின் குதிகாலை ஒரு சின்னக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்தால் கால் மட்டும் தானாக உருவிக்கொண்டு வெளியே வருவதற்காக அது. அந்தக் கயிறு ஒழுங்காக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க மகளைப் பழக்குங்கள். தண்ணீர் விஷயத்தில் இவ்வளவும் கேட்பது பெற்றவர்களின் உரிமை.

அப்புறம், நம் ஏரிப் படகு மாதிரியா? ஒன்றே ஒன்று ஒத்துப்போகும். ஏற்காடு ஏரியில் துடுப்புப் போடுபவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி, நம் முகத்தைப் பார்த்துத்தானே உட்காருவார்? இங்கும் அப்படித்தான். மற்றதெல்லாம் வேறு. எட்டுப் பேர் படகு கிட்டத்தட்ட 18 மீட்டர் நீளம் இருக்கும், அகலமோ உட்காரும் அளவுக்குத்தான். எடை நூறு கிலோவை ஒட்டி வரும். நம் ஊரில் சப்பரம் தூக்குவது போலப் பெண் பிள்ளைகள் சேர்ந்து தோளில் வைத்து ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள். ஒன்பதாவதாக ஒருத்தி, காக்ஸ் என்பார்கள், அவள் மட்டும்தான் முன்னால் பார்ப்பாள், சுக்கான் பிடிப்பாள், குரல் கொடுப்பாள். உட்காரும் இருக்கைக்குக் கீழே சின்னச் சக்கரங்கள். அது முன்னும் பின்னும் ஓடும். ஏன் தெரியுமா? துடுப்பைக் கை பிடித்துக்கொள்கிறது, தள்ளுவது கால்.

இதை எனக்குப் புரிய வைத்தது கோச் இல்லை, சேலத்தில் குகைப் பகுதியில் இருந்த என் அப்பா. தறிக்குழியில் உட்கார்ந்து, காலால் மிதியை மிதித்து ஐம்பது வருடம் நெய்தவர் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பேத்தி வீடியோ காலில் கையைக் காட்டி அழுதாள். அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஊசியால் குத்தாதே கண்ணு. காய்ப்புக் காய்க்கட்டும். அது சரி, உன் கால் எங்கே இருக்கு?" என்றார். அவள் தரையில் உட்கார்ந்து காலை மடக்கி, நீட்டி, இழுத்துக் காட்டினாள். "அப்போ மிதி உனக்கும் இருக்கு. கையைக் கெட்டியா பிடிச்சிருக்கே, அதான் தோல் போகுது. லேசா விடு, மிதியை நம்பு" என்றார். மறுநாள் கோச் அவளிடம் சொன்னதும் ஏறக்குறைய அதே வார்த்தைதான். தறியில் நூலோடு இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாவுக்கும் ஓடம் என்று ஒரு பெயர் உண்டு தமிழில். அதை நினைத்து நினைத்து அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கொப்புளத்துக்குச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, படகேறும் முன் டேப் சுற்றினால் போதும். சிவந்து வீங்கிச் சீழ் வைத்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, படிப்பு. இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒரு சனிக்கிழமை, தெரிந்தவர்கள் வீட்டில் காதுகுத்து. "ஒரு நாள் போகவில்லை என்றால் என்ன?" என்று மகளைப் பட்டுப்பாவாடை கட்ட வைத்துக் கூட்டிப்போனேன். காரில் வாயே திறக்கவில்லை. ராத்திரிதான் சொன்னாள், "அம்மா, நான் ஐந்தாவது சீட். நான் வராததால் அந்தப் படகே இறங்கவில்லை. எல்லாரும் உள்ளே ரோயிங் மெஷினில் இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்." யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

மார்க் பட்டியல் பற்றிப் பேசிய வீடியோவில் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். நம் பிள்ளைகளுக்கு எல்லாமே தனித்தனி ரேங்க். பக்கத்தில் இருப்பவள் குறைத்து வாங்கினால் நமக்கு நல்லது என்று சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறோம். இந்தப் படகில் ஒருத்தி மட்டும் முதலில் வர முடியாது. ஒருத்தி அவசரப்பட்டு முன்னால் இழுத்தால் படகு ஆடும். ஒருத்தியின் துடுப்புத் தண்ணீரில் மாட்டிக்கொண்டால், அதை நண்டு பிடிப்பது என்பார்கள், எட்டுப் பேரும் தடுமாறுவார்கள். என் மகள் முதல் போட்டியில் நண்டு பிடித்தாள். கரைக்கு வந்ததும் முன்சீட்டுப் பெண் திரும்பி இவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் இருபதடி தள்ளி புளியோதரை டப்பாவோடு நிற்கிறேன், என்னைத் தேடவில்லை. அவளுக்கு நான் தேவைப்படாமல் போன முதல் நாள் அது. எனக்கு அழுகை வந்தது, நல்ல அழுகை.

படிப்பு கெட்டதா என்றால், என் மகளுக்குக் கெடவில்லை. ஒன்பது மணிக்குத் தூங்க வேண்டும் என்பதால் வீட்டுப்பாடம் ஏழரைக்கே முடிந்தது. உதவித்தொகை கிடைக்குமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். அங்கே கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் ரோயிங் சாம்பியன்ஷிப் 1997 முதல் நடக்கிறது, சில கல்லூரிகள் உதவித்தொகை தருகின்றன. அதை நம்பிச் சேர்க்காதீர்கள். ஒலிம்பிக் ரோயிங்கிலேயே பெண்களை 1976இல்தான் முதன்முதலில் விட்டார்கள். அப்படிக் கிடைத்த இடம் இது.

நீங்கள் "வேண்டாம் என்று சொல்லலாமா" என்று கேட்டீர்கள். "இவ்வளவு தூரத்தில் இருந்து நான் என்ன செய்ய முடியும்" என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். செய்யலாம். அமெரிக்காவில் கிழக்குப் பக்கம் என்றால், கோடையில் உங்களுக்கு மத்தியானம் இரண்டரை மணி, அவளுக்கு விடியற்காலை ஐந்து. கிளம்புகிற நேரம், அப்போது கூப்பிடாதீர்கள். போட்டி நாளில் அப்பாவைக் கரையில் நிற்கச் சொல்லுங்கள். பள்ளிப் போட்டி பெரும்பாலும் 1500 மீட்டர், ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்காக நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். கடைசிக் கொஞ்ச தூரம்தான் கண்ணுக்குத் தெரியும். அதையாவது அவர் வீடியோ எடுத்து அனுப்பட்டும், மாமியாரும் நீங்களும் சேர்ந்து பாருங்கள்.

இன்று கூப்பிடும்போது கை வலிக்கிறதா என்று முதலில் கேட்காதீர்கள். எத்தனையாவது சீட் என்று கேளுங்கள். அவள் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள் தங்கச்சி.