யாரைப் பார்த்துச் சிரிப்பது?

வணக்கம் நேயர்களே.

வெளிநாட்டுக் காமெடித் தொடர் ஒன்றைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்று வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் உடனே, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அமெரிக்காவின் 'ப்ரண்ட்ஸ்' தொடர் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆறு பேர், ஒரு காபிக் கடை, ஒரு சோபா. யார் யாரைக் காதலிக்கிறார், யாருக்கு வேலை போயிற்று, எல்லாம் தெரிகிறது. சிரிப்புதான் வரவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எழும் சிரிப்பொலி வேறு, போதும் போதும் என்றாலும் கேட்காமல் இலையில் பரிமாறிக்கொண்டே போகிற கல்யாண வீட்டுக்காரர் மாதிரி விடமாட்டேன் என்கிறது.

'ப்ரண்ட்ஸ்' படப்பிடிப்பில் எதிரே உண்மையான ஆட்கள் உட்கார்ந்து சிரித்தார்கள் என்பது வேறு விஷயம். அந்த வசதி இல்லாத தொடர்களுக்காக 1950களில் சார்லி டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் ஒரு பெட்டியே செய்துவைத்தார். தட்டச்சு இயந்திரம் மாதிரி சாவிகள். ஒன்றை அழுத்தினால் மெல்லிய சிரிப்பு, இன்னொன்றை அழுத்தினால் வெடிச்சிரிப்பு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் காட்டாமல் பூட்டியே வைத்திருந்தாராம். கொரியப் போரில் வேலை செய்யும் ராணுவ மருத்துவர்களைப் பற்றிய 'மாஷ்' தொடருக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி இந்தச் சிரிப்பை ஒட்டியது. அறுவைச் சிகிச்சைக் காட்சிகளிலாவது வேண்டாம் என்று தொடரை எடுத்தவர்கள் போராடி விலக்கு வாங்கினார்கள். அதே தொடரைப் பிரிட்டனில் பிபிசி ஒளிபரப்பியபோது சிரிப்பை அடியோடு எடுத்துவிட்டது. ரத்தமும் கேலியும் கலந்து பேசுகிற அந்த வசனங்களைச் சிரிப்பொலி இல்லாமல் கேட்டால் வேறு தொடர் மாதிரியே இருக்கும். அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் 'மாஷ்' பற்றிப் பேசிக்கொண்டால், இரண்டு பேரும் பார்த்தது ஒன்றல்ல.

ஆனால் சிரிப்பொலி மேல்பூச்சுதான். யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதில் ஊருக்கு ஊர் ஒரு கணக்கு இருக்கிறது. வம்பெல்லாம் அங்கேதான்.

பிரிட்டனின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் ஆறு பகுதி, 1979இல் ஆறு பகுதி, மொத்தமே 12. கடற்கரை ஊரான டார்க்கீயில் ஒரு சின்ன ஓட்டல். உரிமையாளர் பேசில், ஜான் கிளீஸ் நடித்தது. சாதாரண வாடிக்கையாளர் வந்தால் எரிந்து விழுவார். பிரபு என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்ததும் ஆளே மாறிவிடுவார். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தை எழுப்பிவிட்டு அந்த மேசையை அவனுக்குக் கொடுப்பார். கடைசியில் பார்த்தால் அவன் மோசடிக்காரன். பெரிய மனிதர் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம், அதனால் நமக்கு இது சட்டென்று பிடிபடும். இன்னொரு பகுதியில் நடுவழியில் நின்றுபோன காரைத் திட்டி, எச்சரிக்கை கொடுத்து, பிறகு ஒரு மரக்கிளையை ஒடித்துவந்து அதை வைத்து காரை அடிப்பார். நான் பார்த்த காமெடிகளிலேயே மிகச் சிறந்த கோபம் அது.

இந்தத் தொடரை அமெரிக்காவில் மூன்று முறை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் தேறவில்லை. 1983இல் வந்த 'அமாண்டாஸ்' தொடரில் பேசிலே இல்லை. அவர் இடத்தில் ஓட்டலை நடத்துகிறவர் பியா ஆர்தர் நடித்த ஒரு பெண்மணி. "ஒரே ஒரு மாற்றம்தான் செய்தோம், பேசிலை எடுத்துவிட்டோம்" என்று அந்த அமெரிக்கர்கள் தன்னிடம் சொன்னதாக கிளீஸ் கதை சொல்வதுண்டு. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து ஆறு பகுதி எழுதிவிட்டுப் போய்விடலாம். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வருடத்துக்கு இருபதுக்கு மேல் வேண்டியிருந்தது, வருடக்கணக்கில் ஓட வேண்டியிருந்தது. வாராவாரம் வீட்டுக்குள் வருகிற ஆள் கொஞ்சமாவது நல்லவனாக இருக்க வேண்டாமா? பேசில் மாதிரி ஒருவனை ஆறு வாரம் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கஷ்டம்.

'தி ஆபீஸ்' தொடரின் அமெரிக்கப் பதிப்பு இதைப் புரிந்துகொண்டு பிழைத்தது. 2005இல் வந்த முதல் பகுதி பிரிட்டிஷ் மூலத்தைக் கிட்டத்தட்ட அப்படியே காப்பி அடித்தது, சோபிக்கவில்லை. இரண்டாம் பருவத்தில் ஸ்டீவ் கேரல் நடித்த மேனேஜரை அசடாகவே வைத்துக்கொண்டு, உள்ளே நல்ல மனசு உள்ளவனாக மாற்றினார்கள். தொடர் 2013 வரை ஓடியது. எனக்கு அந்த நல்ல மனசு கொஞ்சம் தித்திப்பு அதிகம். சரி, அது என் நாக்கு.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். மயாமியில் ஒரே வீட்டில் வாழும் நான்கு வயதான பெண்களைப் பற்றிய அமெரிக்காவின் 'கோல்டன் கேர்ள்ஸ்' தொடர் பிரிட்டனில் நன்றாகவே ஓடியது. அதைப் பார்த்து 1993இல் 'பிரைட்டன் பெல்ஸ்' என்று உள்ளூர்ப் பதிப்பு ஒன்றை எடுத்தார்கள். சில வாரங்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வெயில் அடிக்கும் மயாமியில் இருந்து வந்தபோது ரசித்த அதே வகைப் பேச்சு, இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டனுக்கு இடம் மாறியதும் எடுபடவில்லை.

ஸ்பெயினில் நடந்தது இன்னும் ருசியானது. பேசிலின் ஓட்டலில் மனுவேல் என்று ஒரு சர்வர். பார்சிலோனாக்காரன், ஆங்கிலம் வராது, பேசிலிடம் அடி வாங்குவான். அதை அப்படியே ஸ்பெயினில் காட்டுவது எப்படி? டப்பிங்கில் அவனை இத்தாலிக்காரனாக மாற்றிவிட்டார்கள். பார்சிலோனா இருக்கிற கத்தலோனியாவின் ஒளிபரப்பில் அவன் மெக்சிகோக்காரன். அடி அதே அடி, வாங்குகிறவன் மட்டும் வேற்றூர்க்காரன்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1977இல் பிரிட்டனில் தொடங்கியது. லண்டன் மாலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்க வந்த பல நாட்டு ஆட்கள், பாவப்பட்ட ஆசிரியர் பிரவுன். வெளிநாட்டவரை மட்டம் தட்டுகிறது என்று கருதி, அதைத் தயாரித்த தொலைக்காட்சி நிறுவனத்தின் அதிகாரி மைக்கேல் கிரேட் அதை 1979உடன் நிறுத்தினார். ஆனால் யார் மட்டம் தட்டப்பட்டதாக அவர் வருத்தப்பட்டாரோ, அவர்களுடைய நாடுகளில்தான் அது கொடிகட்டிப் பறந்தது: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கும் சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ், இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். 1993இல் தூர்தர்ஷனிலேயே இதைத் தழுவி 'சபான் சம்பால்கே' என்று, இந்தி கற்க வந்தவர்களை வைத்து ஒரு தொடர் வந்தது.

நாம் ஏன் சிரித்தோம்? ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய அனுபவம் எல்லோருக்கும் இருந்தது என்பது ஒரு காரணம். லண்டனில் அதே காட்சி பக்கத்து வீட்டில் குடியேறியவரைப் பற்றியது. நமக்கோ வெறும் வகுப்பறைக் குறும்பு. இன்னொரு காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்த வகுப்பில் தமிழர் இல்லை. 1968இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் செய்த தென்னிந்திய பாட்டு வாத்தியாரைப் பார்த்து முகம் சுளிக்கிற நாம்தான், தமிழ்ப் படத்தில் சேட்டு தப்புத் தப்பாகத் தமிழ் பேசினால் விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

யாரையும் குத்தாத காமெடி எல்லைகளைத் தாண்டுமா என்று கேட்டால், ஜெர்மனிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். 1963இல் ஹாம்பர்க் வானொலி-தொலைக்காட்சி நிலையம் 'டின்னர் ஃபார் ஒன்' என்ற பிரிட்டிஷ் நாடகத் துணுக்கைப் பதிவு செய்தது. ஆங்கிலத்தில்தான், டப்பிங் கிடையாது. தொண்ணூறு வயது சீமாட்டியின் பிறந்தநாள் விருந்து. அவருடைய நான்கு நண்பர்களும் எப்போதோ இறந்துபோனார்கள். அவர்கள் வந்திருப்பதாகவே பாவித்து விருந்து நடக்கிறது. வேலைக்காரர் ஜேம்ஸ் நால்வருக்காகவும் தானே குடித்து, போதை ஏற ஏறத் தரையில் கிடக்கும் புலித்தலையில் இடறுகிறார். டிசம்பர் 31ஆம் தேதி வந்தால் ஜெர்மனியில் இதைப் பார்க்காத வீடு குறைவு. நடித்தவர்கள் பிறந்த பிரிட்டனில் இது தொலைக்காட்சிக்கு வந்தது 2018இல்தான்.

இணையத்தில் கிடைக்கிறது, பதினெட்டு நிமிடம்தான். எனக்கு மூன்றாவது இடறலோடு சலித்துவிட்டது. என் மனைவி கடைசி இடறல் வரைக்கும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நீங்களும் பாருங்கள், எந்த இடறலில் நிறுத்தினீர்கள் என்று நிலையத்துக்கு எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.