பிப்ரவரியில் பிறந்த நாலு பாட்டு

(பாளையங்கோட்டையில் பாட்டு கேட்கக் கூடிய நண்பர்களிடம் ஒரு மாலையில் பேசியது. பேச்சு வாடையைக் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவை அதிகம் கேட்டிராத அண்ணாச்சிமாரும் வந்திருக்கிறார்கள், அதனால் நம் ஊர் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே வயதானவர்களிடம் பிறந்த தேதி கேட்டால் இரண்டு சொல்வார்கள். ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. இன்னொன்று அம்மா சொன்னது: ஆற்றில் வெள்ளம் வந்து குறுக்குத்துறை கோயில் முங்கியதே, அதற்கு மறுவாரம் நீ பிறந்தாய். பாட்டுக்கும் அப்படி இரண்டு தேதி உண்டு, வெளிவந்த நாள், ஒலிப்பதிவான நாள். ஆல்பத்தில் இடம் பிடித்துவிட்ட பாட்டுக்கு இரண்டும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், தகராறே இல்லை. சிங்கிள் என்கிற சின்ன இசைத்தட்டின் மறுபக்கத்தில், அதாவது பி சைடாகப் போனது, ஒதுக்கி வைத்தது, வேறு எதற்கோ தூக்கிக் கொடுத்தது, இப்படி அதிகம் பேர் கேட்காத பாட்டுகளை வைத்துக்கொண்டுதான் ரசிகர்கள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறார்கள், இது எந்த ஆல்பம் காலத்துப் பாட்டு என்று. நான் அம்மா சொன்ன தேதியின் பக்கம்.

'ரெயின்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 ஜூனில் பி சைடாக வந்தது. பதிவானது அந்த ஏப்ரலில், 'ரிவால்வர்' ஆல்பத்துக்கான வேலை தொடங்கி இரண்டு வாரத்துக்குள். தேதி தெரியாவிட்டாலும் காது சொல்லிவிடும். வாத்தியங்களை வேகமாக வாசித்துப் பதிந்துவிட்டு டேப்பை மெதுவாக ஓட்டியிருக்கிறார்கள், டிரம் அடி படித்துறைக் கல்லில் ஈரத்துணி விழுகிற மாதிரி கனமாக விழுகிறது, கடைசியில் குழுவின் ஜான் லெனன் குரல் தலைகீழாக ஓடுகிறது. டேப்போடு இப்படி விளையாடியது ரிவால்வர் காலத்துக் கை. சரி, அது அங்கேயே உட்காரட்டும்.

என் மனசு கிடப்பது 1968 பிப்ரவரியில்.

'அக்ராஸ் தி யுனிவர்ஸ்' எனக்கு முதலில் கேசட்டில்தான் கிடைத்தது. 'லெட் இட் பி' ஆல்பத்திலிருந்து எடுத்து, அறுபது நிமிஷக் கேசட்டில் ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பதிந்து தந்தார்கள். ஆல்பம் வந்தது 1970-ல், குழு உடைந்த வருஷம். அதனால் அந்தப் பாட்டைப் பிரிவுப் பாட்டாகவே பல வருஷம் கேட்டுக் கலங்கியிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, அது பதிவானது 1968 பிப்ரவரியில். தியானம் பயில ரிஷிகேசத்துக்குக் கிளம்பும் முன்பு, நாலு பேரும் ஒன்றாக இருந்தபோது. பெண் குரல் வேண்டும் என்று வாசலில் காத்துக் கிடந்த ரசிகைகள் இரண்டு பேரை உள்ளே கூப்பிட்டுப் பாட வைத்திருக்கிறார்கள். 1969 டிசம்பரில் வந்த ஒரு நன்கொடை ஆல்பத்தில் அந்தக் குரல்கள் கேட்கும். 1970-ல் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் பாட்டின் வேகத்தைக் குறைத்து, வயலின் கூட்டத்தையும் கோரஸையும் மேலே ஏற்றினார். நான் கலங்கியது அந்த வயலினுக்கு.

அதே பிப்ரவரியில், பத்தே நாளுக்குள், இன்னும் மூன்று. 'லேடி மடோனா'. 'தி இன்னர் லைட்', இதன் வாத்தியப் பகுதியைக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ஜனவரியிலேயே பம்பாயில் நம் நாட்டுக் கலைஞர்களை வைத்துப் பதிந்துவிட்டார், லண்டனில் சேர்த்தது குரல்கள்தான். அதில் ஷெனாய் எழும்போது நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த நமக்கு உடம்பு சிலிர்க்கும். அப்புறம் 'ஹே புல்டாக்'. கூடப்பிறந்த நாலும் நாலு திசைக்குப் போயின. 'லேடி மடோனா'வும் 'தி இன்னர் லைட்'டும் மார்ச்சில் ஒரே சிங்கிளின் இரண்டு பக்கம், 'ஹே புல்டாக்' 1969 ஜனவரியில் 'யெல்லோ சப்மரைன்' ஆல்பத்தில், மற்றது நான் சொன்னபடி.

இவற்றை எந்த ஆல்பத்தோடு சேர்ப்பது? 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' முந்தின வருஷமே முடிந்துவிட்டது. அடுத்து வந்த, 'வெள்ளை ஆல்பம்' என்று ரசிகர்கள் சொல்லும் ஆல்பத்தின் வேலை மே கடைசியில்தான் தொடங்கியது. தனியாக ஓர் அறை கொடுங்கள் என்கிறேன். ஆல்பமே இல்லாமல் அது எப்படி ஒரு காலமாகும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாரதி 1918 கடைசியில் கடையத்துக்கு வந்தார், கடையத்துக் காலம் என்று பேசுகிறோம், அந்தத் தலைப்பில் அவர் புத்தகமா போட்டார்? சீனி. விசுவநாதன் பாரதியின் எழுத்துகளைக் காலவரிசையில் அடுக்கித் தந்தார். பீட்டில்ஸின் ஒலிப்பதிவுகளைத் தேதிவாரியாகத் தொகுத்து 1988-ல் மார்க் லூயிஸன் வெளியிட்டார். இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து உழைக்காவிட்டால் நாம் அட்டையைப் பார்த்தே வயசு சொல்லிக்கொண்டிருப்போம்.

அடங்காத பாட்டும் உண்டு. 'யூ நோ மை நேம்' 1967-ல் தொடங்கி, 1969-ல் குரல் சேர்த்து, 1970-ல் பி சைடாக வந்தது. அதில் சாக்ஸபோன் வாசித்த, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸ் அதற்குள் இறந்தே போய்விட்டார். நான் 1967-ல்தான் வைப்பேன், விதை விழுந்தது அங்கே. வேறு மாதிரி வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இப்போது நாலையும் வரிசையாகப் போடுகிறேன். முதலில் 'லேடி மடோனா'வுக்கு அன்றைக்கு வெளியிட்ட படச்சுருள். சத்தத்தை விட்டுவிட்டு விரல்களை மட்டும் பாருங்கள், பாட்டோடு ஒட்டாது. பிப்ரவரி 11-ம் தேதி படம்பிடிக்கத்தான் கூடினார்கள், சும்மா வாயசைப்பானேன் என்று புதுப் பாட்டு ஒன்றையே பதிந்துவிட்டார்கள், அந்தக் காட்சியைத்தான் 'லேடி மடோனா'வோடு ஒட்டினார்கள். 1999-ல்தான் அதை உரிய பாட்டோடு சேர்த்தார்கள். அந்த விரல்கள் வாசிப்பது 'ஹே புல்டாக்'. அதைக் கடைசியில் போடுகிறேன், நாய் குரைக்கும்வரை யாரும் எழுந்துவிடாதீர்கள்.