பாதை ஏறிப் பார்க்க வேண்டிய நாடு

(இளம் சுற்றுலா வழிகாட்டிகளுக்கான பயிற்சியின் முதல் நாள் மாலை, இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைகளுக்கும், பெரியவர்களுக்கும், மண்டூரிலிருந்து இந்த வெயிலில் புறப்பட்டு வந்திருக்கும் கோயில் நிர்வாகி வண்ணக்கர் ஐயாவுக்கும் வணக்கம்.

நாளைக்கு நீங்கள் முதன்முதலாக விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு போகிறீர்கள். கையில் நிரல் இருக்கிறது, வான் வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது. நிரலைப் பார்த்தேன். எல்லா இடமும் பிரதான வீதியை ஒட்டியே இருக்கிறது. கோட்டை, மாமாங்கக் கோயில், காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று ஒரே நேர்கோடு. முதலில் அதைப் பற்றித்தான் பேச வேண்டும். எழுவான்கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் மட்டக்களப்பைப் பார்த்தவர் ஆகமாட்டார்.

நம் ஊரில் கிழக்கு, மேற்கு என்று பேச்சில் சொல்வது குறைவு. சூரியன் எழும் கரை எழுவான்கரை, படும் கரை படுவான்கரை. நடுவே வாவி, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணல் நிலத்தில் மக்கள் நெருக்கமாகக் குடியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் வயல், குளம், காடு, மலை. சோறு அங்கிருந்து வருகிறது. கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் இங்கே. பழைய கோயில்கள் இரண்டு கரையிலும் உண்டு. ஆனால் அவற்றுக்குள் உள்ள உறவு தண்ணீரைக் கடந்தால்தான் விளங்கும்.

நான் படுவான்கரைக்காரன். நான் சிறுவனாக இருந்தபோது மண்முனையில் பாலம் இல்லை. பாதையில் வருவோம். வெளியூர்க்காரரிடம் "பாதையில் வந்தோம்" என்றால் தெருவில் நடந்து வந்ததாக நினைப்பார்கள். நமக்குப் பாதை என்றால் ஆளையும் மாட்டையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. 2014-இல் மண்முனைப் பாலம் திறந்தது. நல்ல காரியம், நோயாளிகளுக்கு உயிர் கொடுத்த பாலம் அது. ஆனால் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூருக்குப் போகிற பயணத்தை உங்கள் நிரலில் சேர்த்துவிடுங்கள். விருந்தாளி அந்தத் தண்ணீரின் நடுவில் கொஞ்ச நேரம் நிற்கட்டும். அப்போது நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.

கோட்டையிலிருந்து தொடங்குவது சரிதான். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628-இல் கட்டியது. பத்தே ஆண்டில், 1638 மே மாதம், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். வெஸ்டர்வோல்ட் என்ற தளபதிக்கும் அரசனுக்கும் ஒப்பந்தம் எழுதப்பட்டதும் அதே மாதம் இதே கோட்டையில்தான். இந்தத் தீவில் ஒல்லாந்தர் ஆட்சி காலூன்றிய முதல் படி அது. அதற்கும் முன்னரே, 1602-இல், ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவன் வந்திறங்கியதும் மட்டக்களப்புக் கரையில். பிறகு 1795-இல் ஆங்கிலேயர். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, நான்கு கொத்தளம். இவ்வளவையும் பத்து நிமிடத்தில் சொல்லலாம், அங்கே அது போதும். கோட்டையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கோட்டை வந்தவர்களின் கதை; இருந்தவர்களின் கதைக்கு நேரம் மிச்சம் வையுங்கள்.

மட்டக்களப்பு என்ற பெயரே முன்னர் சம்மாந்துறைப் பக்கத்துக்கு உரியதாக இருந்து, பின்னர்தான் புளியந்தீவுக்கு வந்தது என்று நம் முன்னோர் சொல்வார்கள். சம்மாந்துறை என்ற பெயரிலேயே துறை இருக்கிறது. இன்று அங்கே நின்று பார்த்தால் வயல்தான் தெரியும். சம்பான்கள் வந்து கட்டிய துறை எது என்று வயது போன ஒருவரைக் கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை நீட்டும் திசையைப் பார்க்க வைப்பதுதான் வழிகாட்டியின் வேலை.

இனி கொக்கட்டிச்சோலை. இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நான் செய்த பிழை ஒன்றை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

தான்தோன்றீஸ்வரர் கோயில் வரலாறு உங்களுக்குத் தெரியும். கொக்கட்டி மரத்தை வெட்டிய வேடன், கசிந்த இரத்தம், வெளிப்பட்ட லிங்கம். மண்முனையை ஆண்டதாகச் சொல்லப்படும் கலிங்க இளவரசி உலகநாச்சி. பிறகு போர்த்துக்கேயன் வந்து, "இந்தக் கல்மாடு புல்லுத் தின்னுமா?" என்று கேட்க, நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதென்ற கதை. என் அம்மம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது நந்தி இருந்த திசைக்குக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கதை சொன்னேன். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், இது எந்த ஆண்டு நடந்தது?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோட்டை கட்டிய ஆண்டு நினைவில் இருந்தது. 1628 என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். பல ஆண்டு கழித்து அதே வாசலில், எனக்கு அறிமுகம் இல்லாத ஒரு பெரியவர் விருந்தாளிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "1628-இல் பறங்கி வந்தபோது" என்று அவர் தொடங்கினார். அந்த ஆண்டு அவருக்கு எங்கிருந்து போயிற்று என்று எனக்கு மட்டும் தெரியும். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

அதனால்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கல் சொல்வதைக் கல் சொல்வதாகச் சொல்லுங்கள். வாய் சொல்வதை வாய் சொல்வதாகச் சொல்லுங்கள். இரண்டும் செல்வம்தான். கலந்துவிட்டால் இரண்டும் கெட்டுவிடும். நந்தி புல்லுத் தின்ற கதைக்கு ஆண்டு தேவையில்லை. கோயிலை இடிக்க வந்தவனுக்கு முன்னால் ஓர் ஊர் எப்படி நின்றது என்று தன் பிள்ளைகளுக்குச் சொன்ன விதம் அது. கதையைக் கதையாகச் சொன்னால் வெளிநாட்டுக்காரருக்கும் கண் கலங்கும், நான் பார்த்திருக்கிறேன். ஆண்டு போட்டால் அடுத்த நிமிடம் ஆதாரம் கேட்பார்.

கல் சொல்வதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். திருக்கோவில், தம்பிலுவில் பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. விஜயபாகு தேவர் என்ற கோட்டே இராச்சியத்து அரசனின் பத்தாம் ஆண்டு, தை மாதம், சிவஞான சங்கரர் கோயிலுக்குக் கொடுத்த கொடையைச் சொல்வது. அந்தத் தருமத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்கிறது. கவனியுங்கள். சிங்கள அரசன், சைவக் கோயில், தமிழ் எழுத்து. இந்த மூன்றையும் நான் சேர்க்கவில்லை, கல் சேர்த்திருக்கிறது. திருக்கோவிலில் கடலைப் பார்த்து நிற்கும் சித்திர வேலாயுதரை வணங்கிவிட்டு, மணலில் உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள். விரிவுரை வேண்டாம்.

அம்பாறைக்குப் போகும்போது சில பிள்ளைகளுக்குத் தயக்கம் இருக்கிறது, எனக்குத் தெரியும். பௌத்தத் தலங்களான தீகவாபியையும் இராஜகலையையும் நாங்கள் ஏன் காட்ட வேண்டும் என்று ஒருவர் காலையில் கேட்டார். தம்பி, 1961 வரை அது முழுவதும் மட்டக்களப்பு மாவட்டம். கல்லோயா என்று இன்று வழங்கும் ஆற்றை நாம் பட்டிப்பளை ஆறு என்கிறோம். அந்த ஆறு எந்த மொழிக்காரன் வயலையும் விட்டு வைக்காமல்தான் பாய்கிறது. தீகவாபி என்றால் பாளியில் நீண்ட குளம். அரசன் காவந்தீசன் தன் மகன் சத்தாதீசனை வேளாண்மை பார்க்க அனுப்பிய இடம் என்று மகாவம்சம் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரும் இந்த மண்ணைத் தேடி வந்தவர்கள் நெல்லுக்காகத்தான் வந்திருக்கிறார்கள். அங்கே நிற்கும் செங்கல் தாதுகோபுரத்தை விட அந்த ஒரு செய்தி என்னை அதிகம் தொடுகிறது.

இராஜகல மலையில் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுவந்த மகிந்த தேரருக்கும் அவரோடு வந்த இட்டிய தேரருக்கும் எடுத்த தூபி இது என்று சொல்வது. நூலில் மட்டும் படித்த பெயரை ஒரு பாறையில் பார்ப்பது எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். காலையில் ஏறுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். அங்கே சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். மாமாங்கத்தில் நம் விருந்தாளி கழற்ற வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது போலத்தான். எது யாருடையது என்ற வழக்கை விருந்தாளிக்கு முன்னால் தீர்க்க முயலாதீர்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதை முழுமையாகச் சொல்லுங்கள். அது நமக்கும் மரியாதை, மலைக்கும் மரியாதை.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலை நிரலில் பார்த்தபோது சந்தோஷப்பட்டேன். நாகூர் ஆண்டகை என்ற இறைநேசரின் நினைவில் அங்கே கொடியேறும் நாட்களில் போக முடிந்தால் அதைவிட நல்ல நேரம் இல்லை. கடற்கரையில் கூடும் சனத்தைப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள்: தாயின் வழியே குலத்தை எண்ணும் குடி முறை தமிழரிடம் மட்டும் இல்லை, இங்குள்ள முஸ்லிம்களிடமும் உண்டு. வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கும் வழக்கமும் இரு பக்கமும் ஒன்று. பல ஊர்களில் கோயில் திருவிழாவை நடத்துவதும் குடி முறைப்படியே. எந்தக் குடிக்கு எந்த நாள், எந்த மரியாதை என்பதெல்லாம் வண்ணக்கர்மாருக்கு மனப்பாடம். அதைவிட உயிருள்ள சான்று எந்தப் பாறையில் இருக்கிறது?

காரைதீவைத் தாண்டும்போது அங்கே 1892-இல் பிறந்த விபுலாநந்த அடிகளை நினைவுபடுத்துங்கள். அவர் அடங்கியிருக்கும் இடம் நாம் இப்போது கூடியிருக்கும் கல்லடியில்தான், சிவானந்தா வித்தியாலய வளவில். வானை அங்கே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்.

நான் ஆசையோடு பேச விரும்புவது கண்ணகியம்மனைப் பற்றி. தம்பிலுவில், காரைதீவு, பட்டிமேடு, செட்டிபாளையம், கல்லாறு, மகிழூர், வந்தாறுமூலை என்று எத்தனை ஊரில் அம்மாள் இருக்கிறாள்! ஆனால் சாதாரண நாளில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். வைகாசிப் பூரணையை ஒட்டிக் கதவு திறக்கும். சில நாள் சடங்கு. பூசகரான கட்டாடியார் உள்ளே, வெளியே பறையும் உடுக்கும். அவள் கதையான கண்ணகி வழக்குரையைப் பாடுவார்கள். மதுரையை எரித்து வந்தவளின் சூடு தணிய வேண்டும், அதற்குத்தான் கடைசி நாள் குளுத்தி. கூட்டத்தில் நிற்கும் கிழவிகளுக்குப் பாட்டு மனப்பாடம். அடுத்த வரி வருமுன் அவர்கள் உதடு அசையும். ஒரு முறை சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவரை அழைத்துப் போனேன். "நாங்கள் படிக்கிறோம், நீங்கள் அவளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் நின்றார். அந்த வாரம் முழுவதும் அவர் ஊருக்குத் திரும்பவில்லை.

ஆகவே சுற்றுலாவை இடத்தால் திட்டமிடாதீர்கள், நாளால் திட்டமிடுங்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். ஆவணியில் கொக்கட்டிச்சோலைத் தேர். புரட்டாதியில் பாண்டிருப்புத் திரௌபதையம்மன் வனவாசமும் தீமிதிப்பும். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னர் உகந்தை முருகன் கோயிலுக்குப் போனால், குமணக் காட்டுக்குள் இறங்கக் காத்திருக்கும் பாதயாத்திரைக்காரரை மலையடியில் காண்பீர்கள். அவர்கள் கொடுக்கும் சோற்றை விருந்தாளி வாங்கிச் சாப்பிடட்டும்.

இன்னும் ஒன்று. காட்டுவதற்கு வருத்தமான இடங்களும் உண்டு. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரத்தை 2004 டிசம்பர் 26-இன் கடல் விட்டுப்போனது. அதற்கு முன்னால் நின்று படம் எடுப்பவர்களைத் தடுக்காதீர்கள். ஆனால் அந்தக் கடல் அழித்த நாவலடி ஊர்க்காரர் யாராவது அருகில் நின்றால், குரலைத் தாழ்த்துங்கள். உங்களில் சிலருடைய வீடே அங்கே இருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது.

மண்டூர் முருகன் கோயிலைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வண்ணக்கர் ஐயா இருக்கிறார், பிழை இருந்தால் திருத்துவார். அங்கே கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். வாய்விட்டு மந்திரம் இல்லை. திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று விருந்தாளி கேட்பார். "எங்களுக்கும் தெரியாது" என்று சொல்லுங்கள். அன்று கொக்கட்டிச்சோலையில் எனக்கு வராத சொல் அது. உங்களுக்கு நாளைக்கு வர வேண்டும்.

காலை ஐந்தரைக்குக் குருமண்வெளித் துறையில் நிற்பேன். தண்ணீர்ப் போத்தலும், தலைக்கு ஒரு துணியும், கோயிலுக்குள் கட்ட ஒரு வேட்டியும் கொண்டு வாருங்கள். முதல் பாதையிலேயே கடந்துவிடுவோம்.