கை தடிக்கவில்லை என்றால் நோய் இல்லையா?

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

குழந்தைக்கு விடாத காய்ச்சல், இருமல், எடையும் ஏறவில்லை. டாக்டர் டி.பி.யோ என்று சந்தேகப்பட்டு மாண்டூ டெஸ்ட் எழுதித் தருகிறார். முன்கையில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் வரச் சொல்கிறார்கள். போய்க் காட்டினால் கையில் ஒன்றுமே இல்லை. நெகட்டிவ். ‘அப்பாடா, டி.பி. இல்லை’ என்று வீட்டார் கிளம்பிவிடுகிறார்கள். பல குழந்தைகளுக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கிற குழந்தை விஷயத்தில் அந்த நிம்மதியை நான் நம்புவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதம்தான் இருக்கிறது. 0.1 மில்லி அளவு, தோலுக்குள்ளேயே நிற்கும்படி போடுவார்கள். உடம்பு அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால், ரத்தத்தில் சுற்றும் ‘டி’ செல்களில் சில அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு அங்கே வந்து கூடும், மற்ற வெள்ளணுக்களையும் அழைக்கும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்கச் சொல்கிறோம். சிவப்பை அளக்கக் கூடாது. விரலால் தடவினால் கெட்டியாகத் தட்டுப்படுகிற தடிப்பைத்தான் அளக்க வேண்டும். நம் நாட்டில் பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பாசிட்டிவ். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மில்லிமீட்டரே போதும்.

ஆக, கை தடிக்க இரண்டு விஷயம் வேண்டும். கிருமி உடம்புக்குள் வந்திருக்க வேண்டும். அதை எதிர்க்கிற செல்களுக்கு இன்றைக்குத் தெம்பு இருக்க வேண்டும். முதலாவதை எல்லாரும் நினைக்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இதை முதலில் கவனித்துச் சொன்னவர் வியன்னாவில் இருந்த குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே. டியூபர்குலின் என்ற காசநோய்க் கிருமிச் சாற்றைத் தோலில் கீறிப் பார்க்கும் சோதனையை 1907-இல் அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். முன்பு பாசிட்டிவாக இருந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டதும் தோல் பேசாமல் போய்விடுகிறது, அம்மை இறங்கிய பிறகு மறுபடி தடிக்கிறது என்று 1908-இல் எழுதினார். நடுவில் கிருமி எங்கும் போய்விடவில்லை. குழந்தையின் எதிர்ப்புச் சக்திதான் படுத்துவிட்டது. ரத்தத்தில் ‘டி’ செல்களைத் தனியே எண்ணும் வசதி எதுவும் இல்லாத காலத்தில், ஒரு கீறலை வைத்து இவ்வளவையும் கண்டுகொண்டாரே என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம் அந்த மௌனத்தையே ஒரு சோதனையாக்கினார்கள். கேண்டிடா என்ற பூஞ்சை, பொன்னுக்குவீங்கி வைரஸ், டெட்டனஸ் தடுப்பூசி என்று பெரியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சந்தித்துவிட்டவற்றைத் தோலில் போட்டுப் பார்ப்பது. ஒன்றுக்குமே தடிக்கவில்லை என்றால் இந்தச் செல்கள் தருகிற எதிர்ப்புச் சக்தி குன்றியிருக்கிறது என்று பொருள். டாக்டர்கள் இதை அனெர்ஜி என்பார்கள். கனடாவின் மாண்ட்ரியல் நகர அறுவை சிகிச்சை மருத்துவர்கள் 1970-களில், இப்படித் தோல் பேசாத நோயாளிகளுக்குச் சீழ்த்தொற்றும் மரணமும் அதிகம் என்று கண்டார்கள். கைக்குழந்தைகளுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. அவர்கள் இன்னும் எதையுமே சந்தித்திருக்க மாட்டார்கள்.

எச்.ஐ.வி. பரவியபோது அமெரிக்காவில் 1991-இல் அந்தத் தொற்று உள்ளவர்களுக்கு இந்த அனெர்ஜி சோதனையைப் பரிந்துரைத்தார்கள். 1997-இல் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று மாற்றிக்கொண்டார்கள். ஒரே ஆளுக்கு ஒரு முறை தடித்தது, இன்னொரு முறை தடிக்கவில்லை. அதை வைத்து யாருக்கு டி.பி. தடுப்பு மருந்து தருவது என்று முடிவுசெய்ய முடியவில்லை. அந்த முடிவு சரிதான் என்பது என் கருத்து. இன்று ரத்தத்தில் ‘டி’ செல்களில் ஒரு வகையான சி.டி.4 செல்களை எண்ணியே பார்த்துவிடலாம்.

தொழுநோயில் இதே கதை இன்னும் தெளிவு. லெப்ரோமின் என்ற தோல் சோதனையில், உடம்பெல்லாம் கிருமி நிறைந்த வகை நோயாளிக்குத் தடிப்பே வராது. ஓரிரு தேமலோடு நிற்கிற வகைக்கு நன்றாகத் தடிக்கும். அதனால் தொழுநோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது உதவாது. உடம்பு எப்படி எதிர்க்கிறது என்று மட்டுமே சொல்லும்.

சரி, மாண்டூவுக்கு வருவோம். கடுமையான சத்துக்குறைவு, அண்மையில் வந்த தட்டம்மை, அதிக அளவு ஸ்டீராய்டு, எச்.ஐ.வி., உடம்பு முழுக்கப் பரவிய டி.பி. இவற்றில் எது இருந்தாலும் நெகட்டிவ் என்ற ஒரு சீட்டை வைத்துக் காசநோயை ஒதுக்கிவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சளியையோ, சளி துப்பத் தெரியாத பிள்ளையாக இருந்தால் வயிற்றிலிருந்து எடுத்த நீரையோ சோதிக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது டி.பி. இருக்கிறதா, தாத்தாவுக்கு நாள்பட்ட இருமல் உண்டா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி போட்டு நான்கு வாரம் ஆகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

பிள்ளை தேறி எடை ஏறிய பிறகு மறுபடி சோதித்தால், முன்பு தடிக்காத கை இப்போது தடிக்கலாம். பார்த்துப் பதற வேண்டாம். உள்ளேயே இருந்த தொற்றை உடம்பு இப்போதுதான் காட்டுகிறது என்றும் இருக்கலாம். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

நன்றி, வணக்கம்.